மூன்றாவது கதிரை

ஓல்ட்டன் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
மூன்று கதிரைகள்.
ஒன்றில் டாக்டர் ஷ்டூடர்,
ஒன்றில் பேரின்பநாதர்,
மூன்றாவதில் நான் இல்லை,
ஒரு வாய் மட்டும் இருக்கிறது.
மொழிபெயர்க்க வருபவளுக்குச் சட்டம் அப்படி:
கூட்டாதே, குறைக்காதே,
கேட்டதை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பு.

எத்தனை நாளாக நோ?
“நோவெண்டு இல்லைப் பிள்ளை. வாய்வு.”

வாய்வு.
ஜெர்மனில் அதற்கொரு சொல் உண்டு,
குடலைவிட்டு வெளியே போகத் தெரியாத சொல்.
எங்கள் வாய்வோ நெஞ்சில் ஏறும், தோளில் குந்தும்,
முழங்காலிலும் போய் இரண்டு நாள் தங்கும்.
நான் சின்னச் சொல்லையே கொடுத்தேன்.
டாக்டர் அதைச் சின்னதாகவே எழுதினார்.

சாப்பிட்டபின் கூடுமா?
“சோறு கொஞ்சம் கூடினால்.”
முதுகுக்குப் போகுமா?
“அது வேலைப் பிடிப்பு. இருபத்தாறு வருஷம்
ரெஸ்டாரண்டில சட்டி கழுவுறன்.”
படுத்தால்?
“படுக்கேலாது. முன்னுக்குச் சாஞ்சால் சுகம்.”
சொல்லும்போதும் சாய்ந்துதான் இருந்தார்,
மடியில் கடைப்பையை அணைத்துக்கொண்டு,
பனியில் பஸ்ஸுக்கு நிற்பவர்போல.

இந்தச் சீனி வருத்தம், பரம்பரையா?
“ஒருத்தருக்கும் இல்லை. போன ஐப்பசியில சும்மா வந்தது.”

மெலிந்தீர்களா?
“நடக்கிறன், ஆரே ஆற்றங்கரையால.
நீங்கள்தானே எல்லாரையும் நடக்கச் சொல்லுறியள்.”

அப்போதுதான் பெல்ட்டைக் கண்டேன்.
கடைக்காரன் அடித்த ஓட்டைகள் ஐந்து, ஒழுங்காய்.
அதற்கு அப்பால் மூன்று,
ஆணியால் குத்தியவை, கோணலாய்.
கடைசி ஓட்டையின் விளிம்பில்
தோல் இன்னும் வெள்ளை.

மலம் எப்படி? டாக்டர் கேட்டார்,
மழை வருமா என்பதுபோல.
வெளிறியிருக்குமா? மிதக்குமா? எண்ணெய் படருமா?
தமிழில் அந்தக் கேள்வி
செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றது.
எனக்கு அவருடைய மகளின் வயது.
“எல்லாம் ஒழுங்கு,” என்றார்
சுவரில் இருந்த கைகழுவும் படத்திடம்.

ஆனால் அரைமணிக்கு முன், வெளி வாங்கில்,
என்னிடம் ஓர் உதவி கேட்டிருந்தார்.
“வீட்டுக்காரனுக்கு ஒரு கடிதம் எழுதித் தாரும்.
கக்கூஸ் தண்ணித்தொட்டி சரியில்லை.
மூன்று தரம் இழுத்தாலும்
மிதந்துகொண்டு நிக்குது.”

சட்டம் என் நாக்கில் ஒரு கல்.
முதலில் தமிழில் சொன்னேன்:
“ஐயா, பெல்ட்டையும் தொட்டியையும் சொல்லப் போறன்.”
அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.
உள்ளங்கையால் மூன்று ஓட்டைகளையும் மூடிக்கொண்டார்.
பிறகு ஜெர்மனில், என்னையே படர்க்கையாக்கி,
“மொழிபெயர்ப்பாளர் ஒன்றைக் கவனித்தார்,” என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்தார்.
சன்னல் பக்கம் திருப்பி இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.
வெண்விழியில் மஞ்சள் இன்னும் இல்லை, என்றார்.
அந்த ‘இன்னும்’ எல்லாவற்றிலும் பாரம்.
அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு அந்த உறுப்பின் பெயர்.
ஜெர்மனில் அது வயிற்றின் எச்சில் சுரப்பி,
கிட்டத்தட்ட ஒரு திட்டு.
“கணையம்,” என்றேன்.
“கணையோ?” நிமிர்ந்தார் முதல்தடவையாக.
“ஆர் பிள்ளை எனக்கு அம்பு விட்டது?”
நான் சிரித்துவிட்டேன்.
டாக்டர் காத்திருந்தார்.
அது ஒன்றை மட்டும் நான் அக்கரைக்கு ஏற்றவில்லை.

இரத்தம் இன்றைக்கே, ஸ்கேன் வியாழக்கிழமை.
வெறும் அழற்சியாக இருக்கலாம்,
வேறாகவும் இருக்கலாம்,
பாராமல் சொல்லமுடியாது.
சிறுநீர் பிளேன்ரீ நிறமானாலோ
உடம்பெல்லாம் கடித்தாலோ
வியாழன்வரை நிற்கவேண்டாம், உடனே வரவேண்டும்.

மணித்தாளில் எழுதினேன்: ஒரு மணி, பத்து நிமிடம்.
குறிப்புகள் என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

லிஃப்டுக்குள் பேரின்பநாதர்
பையைக் கைமாற்றினார்.
“அப்ப தொட்டியில பிழையில்லை?”
“இல்லை ஐயா.”
இரண்டாம் மாடி. முதலாம் மாடி.
“பாவம், அந்த மனுசனை
எவ்வளவு பேசிப்போட்டன்.”